சதுப்பு நிலமும் கெட்ட காற்றும்

மலேரியா என்னும் சொல் இத்தாலிய மொழியில் பிறந்தது. ‘கெட்ட காற்று’ என்பதே அதன் பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து மாலைப் பொழுதில் எழும் ஆவியே குளிர்காய்ச்சலை உண்டாக்குகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1897ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அன்றோடு அந்த நம்பிக்கை பொய்த்துப் போயிற்று. குற்றவாளி கொசுவே, காற்று அன்று என்பது உறுதியாயிற்று.

சரியாக நூறாண்டுகள் கழிந்தன. 1997ஆம் ஆண்டு சுமத்ரா, கலிமந்தான் ஆகிய பெருந்தீவுப் பகுதிகளின் சதுப்பு நிலங்களிலிருந்து மெய்யாகவே கெட்ட காற்று எழுந்தது. கோலாலம்பூரும் கூச்சிங்கும் சிங்கப்பூரும் வாரக்கணக்கில் அப்புகையில் மூழ்கின. பழைய மருத்துவர்கள் கற்பனையில் கண்ட நச்சுக் காற்றை இருபதாம் நூற்றாண்டின் மனிதன் தன் கையாலேயே படைத்துவிட்டான் எனலாம். இந்த நூறாண்டுக் காலத்தில் இவ்வட்டாரம் பெற்றது பொருளாதார வளர்ச்சி. அவ்வளர்ச்சி எந்த நோயை விரட்டியது, எந்த நோயைக் கொண்டுவந்தது என்பதை அறிய விரும்புவோர் கிள்ளான் மாவட்டத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். இவ்விரு காற்றுகளையும் கண்ட ஊர் அது.

1901ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. சிலாங்கூரின் ஈயமும் பின்னாளில் அதன் ரப்பரும் உலகச் சந்தைக்குச் செல்ல அமைந்த வாயில் அது. கண்டல் காட்டை வெட்டி, சேற்று நிலத்தின்மீது கட்டப்பட்ட அத்துறைமுகம் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே அங்கு உழைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தனர். சரக்கு இறக்க ஆளில்லை. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து பொறுப்பேற்றிருந்தார்.

ராஸ் கண்டறிந்ததை வாட்சன் நன்கு உணர்ந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் கொய்னா மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதைவிடக் கொசு பிறக்கும் நீரை அகற்றுவதே அறிவுடைமை என்று அரசுக்கு எடுத்துரைத்தார். காடு வெட்டப்பட்டது; கால்வாய்கள் தோண்டப்பட்டன; கடல்நீர் உட்புகாதிருக்கக் கரை எழுப்பப்பட்டது. இதன் பயனை மருத்துவமனைப் பதிவேடுகளே காட்டுகின்றன. 1901இல் கிள்ளான் நகரிலிருந்து மலேரியாக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1905இல் அவ்வெண்ணிக்கை 12. துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 1901இல் 188 பேர். 1905இல் ஒருவர்கூட இல்லர். வெப்பமண்டல நாடொன்றில் கொசு ஒழிப்பினால் ஒரு நகரமே காப்பாற்றப்பட்ட தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்றாக உலகெங்கும் போற்றப்பட்டது.

ஆனால் அதே பதிவேட்டில் மூன்றாவது வரி ஒன்றும் உண்டு. போற்றியவர்கள் அதனை அதிகம் பேசுவதில்லை. நகரும் துறைமுகமும் நீங்கலாக, மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்த நோயாளர் தொகை 1901இல் 197. 1905இல் அது 353 ஆக உயர்ந்தது. நகரில் நோய் குறைந்த அதே ஐந்தாண்டுகளில் சுற்றுப்புறத்தில் நோய் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. காரணம் வெளிப்படை. அவ்வாண்டுகளில்தான் கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் காட்டை அழித்து நிலத்தைத் திருத்தினர். நகருக்குச் செலவிட்ட கால்வாயைத் தோட்டத்து லயத்துக்கு எவரும் வெட்டவில்லை.

இதனினும் வியப்பானது மலைச்சரிவுகளில் வாட்சன் கண்ட உண்மை. கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. நிழலை நாடும் கொசுவினமே அங்கு நோயைப் பரப்பியது. மேட்டு நிலங்களிலோ காட்டை வெட்டியபின் நோய் பன்மடங்கு பெருகிற்று. அங்கு நோய் பரப்பிய கொசு வேறினம். வெயில் படும் தெளிந்த ஓடைகளே அதற்கு உகந்தவை. மரங்கள் நின்றவரை அவ்வோடைகள் இருண்டிருந்தன. மரம் விழுந்ததும் வெயில் விழுந்தது. ஒரே செயல் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் அமைந்தது. ஓடைகளின்மீது எண்ணெய் தெளித்தும், நிலத்தடியில் களிமண் குழாய்கள் பதித்தும் இதற்கு வழி காண நெடுங்காலம் பிடித்தது. அதற்குள் 1911ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைக் கடந்திருந்தது. ரப்பர் விலை லண்டன் சந்தையில் உச்சத்தைத் தொட்ட காலமும் அதுவே. நாட்டின் வருமானம் உயரும்போதெல்லாம் மக்களின் உடல்நலமும் தானே உயரும் என்று எண்ணுவோர் இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

தோட்டப்புறத்தில் அன்றே புகையும் இருந்தது. ஆனால் அதனை நோய் என்று எவரும் கருதவில்லை. லயத்து வீடுகளின் சிறு அடுக்களையில் விறகடுப்பு எரிந்தது. ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் கூடத்தில் இரவும் பகலும் புகை மூட்டப்பட்டது. புதுக்காடு திருத்தும்போது வெட்டிச் சாய்த்த மரங்களைக் காயவிட்டுத் தீயிட்டனர். தீ என்பது வேலையின் ஒரு பகுதி. புகை என்பது வளர்ச்சியின் அடையாளம். இவ்வெண்ணம் ஒரு நூற்றாண்டு முழுவதும் மாறாமல் நின்றது என்பதை மறத்தலாகாது.

1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். தென்னமரம் என்பது அத்தோட்டத்தின் பெயர். பெயரே அங்கு உழைத்தவர்கள் யாவர் என்பதைச் சொல்லும். அரை நூற்றாண்டுக் காலம் செம்பனை ரப்பரின் நிழலிலேயே வளர்ந்தது. 1960இல் மலாயாவில் செம்பனை பயிரிடப்பட்ட நிலம் 55 ஆயிரம் ஹெக்டேர் அளவே. செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை சரிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. 1990இல் மலேசியாவின் செம்பனை நிலம் 20 இலட்சம் ஹெக்டேரைத் தொட்டது. வறுமையை ஒழித்த பயிர் என்று அதனைப் புகழ்வதில் தவறில்லை. 1956இல் தொடங்கிய ஃபெல்டா நிலக்குடியேற்றத் திட்டம் நிலமற்ற பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் பயிர் மாற்றப்பட்டபோதும் வேலையும் வீடும் இழந்த தமிழ்க் குடும்பங்களின் கணக்கு வேறு. அது தனியே எழுதப்படவேண்டியது.

தீபகற்பத்தில் நல்ல நிலம் அருகியதும் மூலதனம் கடல் கடந்தது. மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்களும் இந்தோனேசியாவின் பெருமுதலாளிகளும் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் நிலம் தேடினர். மேட்டு நிலம் முடிந்ததும், அதுவரை எவரும் விரும்பாத சதுப்பு நிலத்தின்மீது கண் விழுந்தது. மலாய் மொழியில் காம்புட் என்று வழங்கும் இம்மட்கு நிலம் சாதாரண மண் அன்று. நீரில் மூழ்கிய காட்டின் இலையும் கிளையும் வேரும் முற்றும் அழுகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து உருவானது. சில இடங்களில் அதன் ஆழம் பத்து மீட்டருக்கும் மேல். நிலக்கரியாக மாறும் வழியில் பாதியில் நின்றுவிட்ட பொருள் என்று அதனைக் கொள்ளலாம். நீர் நிற்கும்வரை அஃது எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டாலோ அது காய்ந்து எரிபொருளாகிவிடும். அத்தீ மேலே எரிந்து அணைவதில்லை. நிலத்துக்கடியில் இறங்கித் திங்கள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெப்பம் குறைந்த, மூச்சுத் திணறும் தீ என்பதனால் அதிலிருந்து எழும் புகை மிகுதி. பெருமழையன்றி வேறெதுவும் அதனை முற்றும் அணைக்க இயலாது.

தீயிடுவோர்க்கும் ஒரு கணக்கு இருந்தது. இயந்திரங்களைக் கொண்டு காட்டைத் திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும், தீக்குச்சிக்குச் செலவில்லை. மட்கு நிலம் புளிப்புத்தன்மை மிக்கது. சாம்பல் அப்புளிப்பைக் குறைக்கும். ஆக, எரிப்பவனுக்கு இரட்டை ஆதாயம். செலவு முழுவதும் புகையைச் சுவாசிப்பவனுடையது.

மட்கு நிலத்தின்மீது நிகழ்ந்த மிகப் பெரிய தவற்றைச் செய்தது எந்தத் தோட்ட நிறுவனமும் அன்று. ஓர் அரசே செய்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட இந்தோனேசியா, பெருகிய மக்கள்தொகையால் மீண்டும் அரிசியை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு அதிபர் சுகார்த்தோ மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கும் திட்டத்துக்கு ஆணையிட்டார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஜாவாவிலிருந்து குடும்பங்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. மண்ணறிவியலார் எச்சரித்தவாறே அம்மண்ணில் நெல் விளையவில்லை. கால்வாய்கள் மட்டும் தம் வேலையைச் செவ்வனே செய்தன. நீர் வடிந்தது, நிலம் காய்ந்தது. கிள்ளானைக் காப்பாற்றிய அதே கருவி, வேறொரு மண்ணில், வேறொரு நோய்க்கு வழி திறந்துவிட்டது.

1997இல் எல் நீனோ என்னும் பருவநிலை மாற்றத்தால் மழை பொய்த்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய தீ ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் கட்டுக்கடங்காமற் போயிற்று. இதற்கு முன்னும் புகைமூட்டம் வந்ததுண்டு. 1982-83இல் கிழக்குக் கலிமந்தானில் 30 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. 1991இலும் 1994இலும் வானம் மங்கியது. ஆனால் 1997இல் நேர்ந்தது முன்னெப்போதும் காணாதது. உலகின் மிக உயரமான கட்டடம் என்னும் பெருமையோடு கோலாலம்பூரில் எழுந்துகொண்டிருந்த இரட்டைக் கோபுரங்கள் அருகில் நின்றவர்களுக்கே புலப்படவில்லை. செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக் மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்று வகுக்கப்பட்ட காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, செப்டம்பர் 23இல் கூச்சிங்கில் 839ஐத் தொட்டது. மூன்று நாள் கழித்து மேடான் நகருக்கருகே புகையினூடே இறங்க முயன்ற விமானம் விழுந்து நொறுங்கி 234 பேர் மாண்டனர்.

அதிபர் சுகார்த்தோ அண்டை நாடுகளிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். மலேசியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்களைச் சுமத்ராவுக்கு அனுப்பியது. தொடக்கத்தில் பழி முழுவதும் சிறு குடியானவர்கள்மீது சுமத்தப்பட்டது. துணைக்கோளப் படங்கள் வேறு கதை கூறின. தீப்புள்ளிகளுட் பல பெருந்தோட்டங்களின் எல்லைக்குள் விழுந்தன. இந்தோனேசிய அரசு ஐயத்துக்குரிய 176 நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. அவற்றுள் மலேசியத் தொடர்புடையவையும் இருந்தன. புகையை அண்டை நாட்டுக் கேடு என்று மட்டும் பேசி வந்தவர்களுக்கு இச்செய்தி கசந்தது.

புகை உடலில் என்ன செய்கிறது? மட்கு நிலப் புகையில் மிதக்கும் துகள்களுட் பெரும்பாலானவை இரண்டரை மைக்ரான் அளவினும் நுண்ணியவை. மனிதனின் தலைமயிர்க் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்தவை. மூக்கின் மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும், இவற்றைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று தங்கி, அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுத் திணறல் உடனே தெரியும். இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் இரத்தக் குழாய்களில் நேரும் கேடோ வெளியே தெரியாது. மாரடைப்பால் இறந்தவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றே எழுதப்படும். புகை என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை. இதுவே இந்நோயின் தந்திரம். மலேரியாவால் இறந்தவர்களை வாட்சனால் எண்ண முடிந்தது. புகையால் இறந்தவர்கள் பிற நோய்களின் பெயரில் மறைந்து கிடக்கின்றனர்.

அவ்வாறு மறைந்தவர்களைத் தேடிக் கண்டவர்களுள் சீமா ஜெயச்சந்திரன் என்னும் பொருளியலறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவர் எந்த மருத்துவமனைக்கும் செல்லவில்லை. 2000ஆம் ஆண்டு இந்தோனேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார். 1997இன் இறுதியை ஒட்டிப் பிறந்திருக்கவேண்டிய குழந்தைகள் அக்கணக்கில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று பார்த்தார். புகை அடர்ந்திருந்த மாவட்டங்களில் அவ்வயதுக் குழந்தைகள் குறைவாக இருந்தனர். துணைக்கோளம் அளந்த புகையின் அடர்த்தியோடு ஒப்பிட்டு, 2009இல் வெளியிட்ட ஆய்வில், காணாமற்போன குழந்தைகள் ஏறத்தாழ 15,600 பேர் என்று மதிப்பிட்டார். கருவிலேயே அழிந்தவர்களும் பிறந்து சில நாளில் மடிந்தவர்களும் அத்தொகையில் அடங்குவர். தாய் கருவுற்றிருந்த இறுதித் திங்கள்களில் சுவாசித்த புகையே பெருங்கேடு விளைத்தது என்பதும் அவர் கண்ட முடிவு. அக்குழந்தைகளுக்குப் பெயரில்லை, இறப்புப் பதிவும் இல்லை. கணக்கெடுப்பு அட்டவணையில் ஒரு பள்ளமாக மட்டுமே அவர்கள் எஞ்சியிருக்கின்றனர்.

அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. வானத்தில் புகை ஒன்றுதான். இறப்பு ஒன்றாக இல்லை. வறிய பகுதிகளில் இழப்பு மிகுதி. செல்வர் வீட்டின் சாளரங்களை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியை இயக்கலாம். விறகடுப்பில் சமைக்கும் வீட்டிலோ வெளிப்புகை உட்புகையோடு சேர்கிறது. தோட்டத்தில் குலை வெட்டுபவரும் கட்டுமானத் தளத்தில் கல் சுமப்பவரும் வீட்டிலேயே இருங்கள் என்னும் அறிவுரையை ஏற்க இயலாதவர்கள். அன்றைய கூலி அன்றே வேண்டும். கோலாலம்பூரின் இறப்புப் பதிவுகளை வைத்து நிகழ்ந்த ஆய்வொன்றும் 1997இல் புகை அடர்ந்த நாள்களையொட்டி முதியோர் இறப்பு, குறிப்பாக அறுபத்தைந்து வயதைக் கடந்தோரிடையே, உயர்ந்ததைக் காட்டியது.

இவ்வாய்வுகளெல்லாம் பின்னாளில் வந்தவை. அந்நாளில் நிகழ்ந்ததோ எண்ணிக்கையை மூடிவைக்கும் முயற்சி. 1997 நவம்பரில் மலேசியப் பல்கலைக்கழக அறிஞர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவில் கருத்துரைக்கலாகாது என்று தடுக்கப்பட்டனர். சுற்றுப்பயணிகளின் வருகை குன்றும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஜூலைத் திங்களில் தாய்லாந்து நாணயத்தின் வீழ்ச்சியோடு தொடங்கிய ஆசியப் பொருளாதார நெருக்கடியால் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்து வந்த ஆண்டுகளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்களே மக்களுக்கு அறிவிக்கப்படாமல் இரகசியமாக்கப்பட்டன. வெப்பமானியை ஒளித்துவைத்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று எண்ணுவது போன்றதே இச்செயல்.

2005 ஆகஸ்டில் அம்மறைப்பு தகர்ந்தது. ரியாவ் மாநிலத்திலிருந்து எழுந்த புகை சிலாங்கூர்க் கரையை மூடியது. மக்கள் கண்ணெரிச்சலோடு நடமாடியபோது குறியீட்டை மறைப்பதில் பொருளில்லை என்று உணர்ந்த அமைச்சரவை எண்களை வெளியிட முடிவு செய்தது. வெளிவந்த எண்கள் 500ஐக் கடந்திருந்தன. ஆகஸ்டு 11ஆம் நாள் ஈரிடங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஒன்று, செம்பனை முதன்முதலில் வேரூன்றிய கோலசிலாங்கூர். மற்றொன்று, 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியிருந்த பழைய போர்ட் சுவெட்டன்ஹாம். 1901இல் கொசுவுக்கு அஞ்சி மூடப்படவிருந்த துறைமுகத்தில், நூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், வெளியில் நடமாடுவதே கேடு என்னும் அறிவிப்பு ஒலித்தது.

நாடுகள் முதலில் செல்வம் சேர்க்கவேண்டும், செல்வம் சேர்ந்தபின் காற்றைத் தூய்மை செய்துகொள்ளலாம் என்னும் கோட்பாடு பொருளியலில் உண்டு. வருமானம் உயர உயரத் தூய்மைக்கேடும் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பின் இறங்கும் என்பர். லண்டன் மாநகரை அதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை அந்நகரை ஐந்து நாள் மூடியது. நான்காயிரம் பேர் மாண்டதாக முதலில் கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வாளர்கள் பன்னீராயிரம் வரை இருக்கலாம் என்றனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. காலப்போக்கில் வானம் தெளிந்தது. ஆனால் லண்டன்வாசியை இருமவைத்த புகை லண்டன்வாசியின் அடுப்பிலிருந்தே எழுந்தது. வாக்களிப்பவனும் அவனே, இருமுபவனும் அவனே. தென்கிழக்காசியாவிலோ இலாபம் ஒரு நாட்டில், தீ ஒரு நாட்டில், இருமல் மற்றொரு நாட்டில். ஜம்பி மாநிலத்துக் குடியானவரின் குழந்தைக்காக எந்த நாட்டுப் பங்குதாரரும் வாக்களிக்கப் போவதில்லை. கோட்பாடு கூறும் இறக்கம் இங்குத் தானாக வரும் என்று காத்திருப்பது வீண்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாக் கேட்டையும் புகையின் தலையில் கட்டிவிடுவதும் வரலாறாகாது. 1998-99இல் ஈப்போ வட்டாரத்தில் தோன்றி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிப்பா நோய் 265 பேரைத் தாக்கி, 105 உயிர்களைக் குடித்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. புகைமூட்டத்தால் காட்டில் பழம் அருகி, வௌவால்கள் பண்ணைகளை நாடி வந்ததால் அந்நோய் பரவிற்று என்னும் கருத்து 2002இல் முன்வைக்கப்பட்டது. கேட்டவர் மனத்தை அது கவர்ந்தது. பின்னர் நிகழ்ந்த நுணுகிய ஆய்வுகள் பண்ணையின் அருகே நின்ற மாமரங்களையும், ஒரே இடத்தில் பல்லாயிரம் பன்றிகளை வளர்த்த முறையையுமே முதற்காரணமாகச் சுட்டின. அதுவும் வளர்ச்சியின் விளைவே எனினும் புகையின் விளைவு அன்று. அழகான விளக்கம் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு மாணவர்க்கு இது நல்ல சான்று.

சட்டங்கள் மெல்ல மெல்ல வந்தன. 1998இல் மலேசியா திறந்தவெளியில் எரிப்போர்க்கான தண்டத்தை ஐந்து இலட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியது. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்தாயிற்று. புகையின் பிறப்பிடமான இந்தோனேசியா அதனை ஏற்று உறுதிசெய்தது 2014இல்தான். அதற்கிடையே 2013 ஜூனில் சிங்கப்பூரின் குறியீடு 401ஐ எட்டியது. இரண்டு நாளில் மூவாரில் 746. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர், வெளிநாட்டில் தீயிட்டுத் தன் மண்ணில் புகையைப் பரப்பும் நிறுவனத்தையும் தண்டிக்க வழி செய்யும் சட்டத்தை இயற்றியது. எல்லை கடந்த குற்றத்துக்கு எல்லை கடந்த சட்டம். இவ்வட்டாரத்தில் அது புதுமையே.

2015இல் மீண்டும் எல் நீனோ. ஜூன் முதல் அக்டோபர் வரை 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது. இந்தோனேசியாவுக்கு நேர்ந்த இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அவ்வாண்டின் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ 1,00,300 அகால மரணங்கள் நேர்ந்திருக்கும் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணித்தனர். அதில் மலேசியாவின் பங்கு 6,500. மூன்று அரசுகளும் அக்கணிப்பை ஏற்கவில்லை. இந்தோனேசியா அதிகார முறையில் ஒப்புக்கொண்ட இறப்புகள் முப்பதைக்கூட எட்டவில்லை. ஓர் இலட்சத்துக்கும் முப்பதுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைப் பொய் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. அரசுகள் எண்ணியது புகையால் இறந்தார் என்று எழுதப்பட்டவர்களை. ஆய்வாளர்கள் கணித்தது புகை இல்லாதிருந்தால் மேலும் சிலகாலம் வாழ்ந்திருக்கக்கூடியவர்களை. எதனை எண்ணுவது என்று முடிவு செய்பவர் கையிலேயே எத்தனை பேர் என்னும் விடையும் இருக்கிறது.

அளவுகோலும் அவ்வாறே. மலேசியக் குறியீடு நெடுங்காலம் பத்து மைக்ரான் வரையிலான பருந்துகள்களையே கணக்கில் கொண்டது. உயிருக்கு உலைவைக்கும் நுண்துகள் குறியீட்டில் இடம்பெற்றது 2018இல். மறு ஆண்டு செப்டம்பரில் புகை மீண்டும் வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. ஒரே நாளில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தனர். அண்டை நாட்டின்மீது எல்லாப் பழியையும் போடுவோர் கிள்ளானுக்கருகேயுள்ள ஜொகான் செத்தியாவை எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ளதும் நீர் வடிக்கப்பட்ட மட்கு நிலமே. விளைநிலத்துக் குப்பைக்கு இடும் தீ அதனுள் இறங்கிக் கனல்வதும், குறியீடு அங்கே உயர்வதும் வறண்ட பருவங்களில் வழக்கமாகிவிட்டன.

2015இன் பேரழிவுக்குப் பின்னர், 2016 ஜனவரியில் இந்தோனேசியா மட்கு நிலங்களை மீட்பதற்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவியது. 20 இலட்சம் ஹெக்டேர் நிலத்தை மீண்டும் நனைப்பது அதன் இலக்காக இருந்தது. மத்திய கலிமந்தானில் நெல்லுக்காக வெட்டப்பட்ட கால்வாய்களின் குறுக்கே மரக்கட்டைகளை நட்டு, இடையே மண்மூட்டைகளை அடுக்கி, நீர் ஓடிவிடாமல் தேக்குகின்றனர். நீர்மட்டம் நிலத்தின் மேற்பரப்பை நெருங்கினால் தீ இறங்காது. வேலை மெதுவாகவே நடக்கிறது. ஓர் அணையைக் கட்டி முடிப்பதற்குள் மீன்பிடிப் படகுக்கு வழி வேண்டும் என்று மற்றோர் அணை உடைக்கப்படுவதும் உண்டு. 2019இல் மட்டும் இந்தோனேசியாவில் 16 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. அதில் மட்கு நிலம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஹெக்டேர்.